பிள்ளையாரை ஒரு முறை அனுப்பினால் போதும்

மன்னார்குடியில் சித்தப்பா நடத்தும் அச்சகத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. 2009 முதல் 2023 வரை அங்கே அடித்த அழைப்பிதழ்கள் அத்தனையும் அதன் இரண்டாவது ஹார்ட் டிஸ்கில்தான் கிடக்கின்றன. கல்யாணம், காதணி விழா, புதுமனை புகுவிழா, மஞ்சள் நீராட்டு என்று மொத்தம் 38 ஜிபி. அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே தங்கைக்கும் வேண்டும் என்று கேட்டு வரும் வீடுகளுக்கு அந்த டிஸ்க்தான் பெட்டகம். இரண்டு பொங்கலுக்கு முன்னால் அந்தக் கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு, கோயம்புத்தூரில் இருந்தபடியே எஸ்எஸ்எச் வழியாக நுழைய வழி செய்து வைத்திருந்தேன். வைகாசியில் ஒரு நாள் சும்மா எட்டிப் பார்த்தேன். பழுதான செக்டார்களுக்கு டிஸ்க் மாற்று இடம் ஒதுக்கிய எண்ணிக்கை 8 என்று இருந்தது. அடுத்த வாரம் அது 56.

டிஸ்கைக் கழற்றிப் பார்சலில் அனுப்பச் சொல்லலாம். ஆனால் அது முகூர்த்த மாதம். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவதற்கு அங்கே யாருக்கும் நேரம் இல்லை. ஏற்கெனவே தள்ளாடுகிற டிஸ்க்கை லாரியில் உருட்டி அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. நல்ல வேளையாக, கணினி இயங்குவது வேறொரு எஸ்எஸ்டியில். அதில் 60 ஜிபி காலியாக இருந்தது. முதல் வேலையாக 38 ஜிபியையும் அதற்கு நகல் எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்று பிழை வந்தது. பெயர்களைக் குறித்துக்கொண்டு மேலே போனேன். பழுதான டிஸ்கிலேயே சோதனை ஓட்டங்களை நடத்துவது, நோயாளியைப் படியேறச் சொல்லி நாடி பார்க்கிற கதை. ஒரு முறை படித்துவிட்டால் பிறகு அதைத் தொடக்கூடாது.

நகல் இருந்தாலும் அது அதே பெட்டிக்குள், அதே மின்சாரத்தில் இருக்கிறது. கோயம்புத்தூருக்கு ஒன்று வந்து சேர்ந்தால்தான் தூக்கம் வரும். அச்சகத்தின் இணைய இணைப்பில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 5 மெகாபிட். பைட்டில் சொன்னால் கையில் கிடைப்பது சுமார் 0.6 எம்பி. 38 ஜிபியை அப்படியே அனுப்பினால் பதினேழரை மணி நேரம் ஆகும். பகலில் வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்ப சித்தப்பாவுக்கு அந்த இணைப்பு வேண்டும். எனக்குக் கிடைப்பது இரவு பத்து முதல் காலை ஆறு வரைதான்.

முதலில் எதையும் சுருக்காமல், எஸ்எஸ்எச் வழியாகக் கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபியில் ஒரு கோப்புறையை இழுத்துப் பார்த்தேன். சில்லறைக் கோப்புகள் நிறைந்த கோப்புறை அது. படங்களின் சின்ன முன்தோற்றங்கள், எழுத்துரு அமைப்புகள், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் விட்டுச்சென்ற தற்காலிகக் கோப்புகள். எல்லாம் சேர்ந்தாலும் 300 எம்பி தேறாது. ஆனால் எண்ணிக்கை 41,000. ஒவ்வொரு கோப்புக்கும் இங்கிருந்து ஒரு கேள்வி போய் அங்கிருந்து ஒரு பதில் வர வேண்டும். எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் அதற்கு 40 மில்லி நொடி. கோப்புக்கு ஒரே ஒரு தடவை போய் வந்தாலே 41,000 கோப்புகளுக்கு 27 நிமிடம், ஒரு பைட்டும் நகராமல் காத்திருப்பதிலேயே போய்விடும். எனவே எதைச் செய்தாலும் முதலில் டார் கொண்டு பல கோப்புகளை ஒரே கோப்பாக மூட்டை கட்டியாக வேண்டும். டேப்பில் சேமிப்பதற்காக 1979-இல் யூனிக்ஸில் வந்த கட்டளை அது. டேப் போய்விட்டது, மூட்டை நிற்கிறது.

இனி சுருக்குவது. கட்டளைகளை ஒலிபெயர்த்து எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். 38 ஜிபியில் பாதி, அதாவது 19 ஜிபி, போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகள். பிளேட் போடும் கடைக்குக் கொடுப்பதற்காக பேஜ்மேக்கரில் இருந்து கோப்பாக அச்சிட்டு எடுத்தவை. மீதியில் சுருக்கப்படாத டிஃப் படங்கள் 9 ஜிபி, ஜேபெக் புகைப்படங்கள் 7 ஜிபி, பிடிஎஃப் 3 ஜிபி.

சுருக்கும் கருவிகளில், கை பழக்கத்தில் ஜிஸிப்பைத்தான் முதலில் எடுத்தேன். 2014 வைகாசி மாதக் கோப்புறையில் இருந்து சரியாக 1,000 எம்பி அளவுக்கு மாதிரி ஒன்று பிரித்துக்கொண்டேன், அறுபது அழைப்பிதழ்கள். அது 430 எம்பி ஆனது. பாதிக்கும் கீழே வந்துவிட்டதே என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். பிறகு ஒரு கோப்பைத் திறந்து பார்த்தேன். திரை முழுக்க சைபர் முதல் ஒன்பது வரை எண்களும் ஆறு எழுத்துகளும் மட்டுமே வரிவரியாக ஓடின. படத்தின் ஒவ்வொரு பைட்டையும் இரண்டு எழுத்தாகப் பிரித்து எழுதிவைக்கும் பதினாறடிமான முறை அது. பேஜ்மேக்கர் ஒன்றை இரண்டாக ஊதிவைத்திருந்தது. ஜிஸிப் செய்தது, அந்தக் காற்றைப் பிடுங்கி விட்டதுதான். பெரிய சாதனை ஒன்றும் இல்லை.

எக்ஸ்இசட் என்ற இன்னொரு கருவி இன்னும் இறுக்குமே என்று அதையும் ஓட்டினேன். 345 எம்பி. ஆனால் செயலியில் இரண்டே கோர் உள்ள அந்தக் கிழட்டுக் கணினிக்கு அதைச் செய்ய பதினோரு நிமிடம் பிடித்தது. 345 எம்பியை அனுப்ப ஒன்பதரை நிமிடம். இரண்டையும் கூட்டினால் இருபது நிமிடத்துக்கு மேல். ஜிஸிப்புக்கோ சுருக்க முக்கால் நிமிடம், அனுப்பப் பன்னிரண்டு நிமிடம். கோப்பு பெரிதாக இருந்தும் ஜிஸிப்தான் முந்துகிறது. சுருக்கும் கருவிகளை ஒப்பிடும் அட்டவணைகளில் பெரும்பாலும் கோப்பின் அளவைத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். வலைக்கு அனுப்புகிறவனுக்கு வேண்டிய கணக்கு, சுருக்கும் நேரத்தையும் அனுப்பும் நேரத்தையும் கூட்டி வருவது. அந்தப் பத்தி என் கண்ணில் பட்டதில்லை.

வேலை நின்றது இங்கேதான். டீ குடித்துக்கொண்டே அந்த அறுபது கோப்புகளின் பெயர்களைப் பார்த்தேன். சித்தப்பா பெயர் வைக்கும் முறை விசித்திரமானது. முதலில் அட்டையின் மேலே வரும் படம், பிறகு தேதி, பிறகுதான் குடும்பத்தின் பெயர். பிள்ளையார், பெருமாள், முருகன், சிலுவை, பிறை. அறுபதில் முப்பத்தெட்டு பிள்ளையார்.

அந்தப் பிள்ளையாரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வலது கையில் அபயம், காலடியில் மூஞ்சூறு, பின்னால் மயில் கழுத்து நிறத்தில் ஒரு வட்டம். சித்தப்பா ஒரே ஒரு முறை ஸ்கேன் செய்த படம். நான்கு வண்ணத்தில் 1,200 புள்ளி அகலம், 1,500 புள்ளி உயரம். கணக்குப் போட்டால் 7.2 எம்பி. பதினாறடிமானத்தில் எழுதும்போது 14.4 எம்பி. ஒவ்வொரு அழைப்பிதழ்க் கோப்பும் சுமார் 17 எம்பி. அதாவது ஒரு கல்யாணக் கோப்பில் மணமக்கள், முகூர்த்தம், மண்டபம், தங்கள் நல்வரவை நாடும் சுற்றம் எல்லாம் சேர்ந்து மூன்று எம்பியைக்கூடத் தொடவில்லை. மீதி முழுவதும் பிள்ளையார். அதுவும் எழுத்துக்கு எழுத்து அதே பிள்ளையார்.

அப்படியானால் ஜிஸிப் அதைக் கண்டுபிடிக்க வேண்டாமா? அதற்கு முடியாது. இந்த வகைச் சுருக்கம் எல்லாமே 1977-இல் லெம்பெல், ஸிவ் இருவரும் சொன்ன வழியில் வந்தவை. படித்துக்கொண்டே போகும்போது, இதே வரிசை முன்பு வந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பது. வந்திருந்தால் மறுபடி எழுதாமல், இத்தனை தூரம் பின்னால் போய் இவ்வளவு நீளம் எடுத்துக்கொள் என்று குறிப்பு மட்டும் எழுதுவது. கேள்வி, எவ்வளவு தூரம் திரும்பிப் பார்க்க முடியும் என்பதுதான். 1992-இல் வந்த ஜிஸிப்பின் பார்வை 32 கேபி. அன்றைய கணினிகளின் நினைவகத்துக்கு அது நியாயமான அளவு. ஆனால் நம் பிள்ளையார் அடுத்து வருவது 17 எம்பி தள்ளி. தும்பிக்கையை முடிப்பதற்குள் ஜிஸிப் கிரீடத்தை மறந்துவிடுகிறது. எக்ஸ்இசட்டின் இயல்பு நிலையில் பார்வை 8 எம்பி. அதுவும் ஒரு கோப்பின் பாதியைத் தாண்டாது.

இதற்குத்தான் இசட்எஸ்டிடி என்ற கருவி. 2016-இல் ஃபேஸ்புக்கில் இருந்த யான் கோலே வெளியிட்டது. சும்மா ஓட்டினால் மூன்றாவது நிலையில் (நிலையின் எண் கூடக்கூட இறுக்கமும் நேரமும் கூடும்) அதன் பார்வையும் 2 எம்பிதான். மாதிரியை 415 எம்பி ஆக்கியது, பதினொரு நொடியில். வேகம் பிரமாதம், அளவில் ஜிஸிப்பின் தம்பி. ஆனால் அதற்கு --லாங் என்று ஒரு விருப்பத்தேர்வு உண்டு. எண் எதுவும் கொடுக்காவிட்டால் 27 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டின் 27-ஆம் அடுக்கு, அதாவது 128 எம்பி தூரம் திரும்பிப் பார்க்கும்.

அதைச் சேர்த்து ஓட்டினேன். 205 எம்பி.

ஆசை விடவில்லை. 31 வரை போகலாம், அது 2 ஜிபி பார்வை. 31-ஐக் கொடுத்து இரண்டு கோரையும் பயன்படுத்தச் சொன்னேன். கணினியில் நினைவகம் மொத்தமே 4 ஜிபி. இரண்டு நிமிடத்தில் என் எஸ்எஸ்எச் திரையில் ஓர் எழுத்து அடித்தால் பத்து நொடி கழித்துத் தெரிந்தது. நினைவகம் போதாமல் டிஸ்கை நினைவகமாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் மூழ்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து சித்தப்பாவிடம் இருந்து தொலைபேசி. கணினியில் பழைய அட்டை ஒன்றைத் திறக்க முடியவில்லை, நான் ஏதாவது செய்கிறேனா என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே அதைக் கொன்றேன்.

29 தோதாக அமைந்தது. 512 எம்பி பார்வை, ஒரு கோர் மட்டும், நினைவகத்தில் மூச்சு விட இடம். இனி எந்த நிலையில் சுருக்குவது? மூன்றாம் நிலையில் 151 எம்பி, 19 நொடி. ஒன்பதாம் நிலையில் 128 எம்பி, 48 நொடி. பத்தொன்பதாம் நிலையில் 112 எம்பி, எட்டு நிமிடத்துக்கு மேல். மூன்றில் இருந்து ஒன்பதுக்குப் போனால் 29 நொடி கூடுதலாகச் செலவழித்து, அனுப்புவதில் 38 நொடி மிச்சம் பிடிக்கிறேன். லாபம் சிறிது, ஆனால் லாபம். ஒன்பதில் இருந்து பத்தொன்பதுக்குப் போனால் ஏழு நிமிடம் கொடுத்து 27 நொடி வாங்குகிறேன். ஒன்பதோடு நிறுத்திக்கொண்டேன். சுருக்காமல் அனுப்பினால் கிட்டத்தட்ட 28 நிமிடம் ஆகும் மாதிரி, இப்படி நாலரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும். செய்யவில்லை. நடுவில் ஒரு பைட் கெட்டாலும் அதற்குப் பிறகு உள்ளதை எடுப்பது பெரும்பாடு. எனவே ஆண்டுக்கு ஒரு மூட்டை. இதனால் என்ன நஷ்டம்? ஒவ்வொரு ஆண்டு மூட்டையிலும் பிள்ளையாரை முதல் முறை முழுதாக எழுத வேண்டும். சுருக்கிய பிறகு ஆறு எம்பி. பதினைந்து ஆண்டுக்குப் பதினைந்து பிள்ளையார், 90 எம்பி. காப்பீட்டுக்கு இது அதிகம் இல்லை.

கட்டளை இவ்வளவுதான்: டார் -சிஎஃப் - 2014 என்று அடித்து, ஒரு நெட்டுக்கோடு போட்டு, இசட்எஸ்டிடி -9 --லாங்=29 -ஓ என்று எழுதி, கடைசியில் மூட்டையின் பெயர். நடுவில் தனியாக நிற்கும் அந்தச் சின்னக் கோடு, கோப்பில் எழுதாமல் அடுத்த கட்டளைக்குக் கொடு என்று டாருக்குச் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் 2014 என்ற பெயரிலேயே மூட்டை கட்டப் பார்க்கும்.

ஏழு ஆண்டுகளை முடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. டார் கோப்புகளை எந்த வரிசையில் எடுக்கிறது? பெயர் வரிசையில் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. கோப்பு அமைப்பு தருகிற வரிசையில்தான் எடுக்கும், அது எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு அமைப்பில் சீட்டுக்கட்டைக் கலைத்தது போல இருக்கும். முருகனுக்குப் பிறகு இன்னொரு முருகன் வருவதற்குள் பத்துப் பிள்ளையாரும் நாலு பெருமாளும் ஒரு சிலுவையும் போய்விடுகின்றன. டாரிடம் --சார்ட்=நேம் என்று சொன்னால் பெயர் வரிசையில் எடுக்கும். சித்தப்பா படத்தின் பெயரை முதலில் வைக்கிறவர். ஆக முருகன்கள் எல்லாம் ஒரே இடத்தில், பெருமாள்கள் எல்லாம் ஒரே இடத்தில். இப்படி வரிசைப்படுத்தி, வெறும் 27-இலேயே அதே மாதிரியை ஓட்டினேன். 124 எம்பி. 512 எம்பி பார்வையில் கலைந்த கட்டு கொடுத்ததைவிட, 128 எம்பி பார்வையில் அடுக்கிய கட்டு அதிகம் கொடுத்தது. நினைவகமும் நாலில் ஒரு பங்கு. கருவியை மாற்றி மாற்றிப் பார்த்ததற்கு முன்னால் கோப்புகளை அடுக்கியிருக்க வேண்டும். மீதி எட்டு ஆண்டுகளை அப்படியே செய்தேன். முதல் ஏழைத் திரும்பக் கட்டச் சோம்பல், விட்டுவிட்டேன். அந்தச் சோம்பலுக்கு வட்டி பிறகு வந்தது.

19 ஜிபி போஸ்ட்ஸ்கிரிப்ட் கடைசியில் 2.4 ஜிபி ஆனது. டிஃப் படங்கள் 9-இல் இருந்து 5.1 ஜிபி. ஜேபெக்கையும் பிடிஎஃப்பையும் சுருக்க முயலவே இல்லை. ஜேபெக் ஏற்கெனவே பிழிந்த கரும்பு, பிடிஎஃப்பும் உள்ளுக்குள் சுருக்கப்பட்டதுதான். ஆனால் ஜேபெக்கில் வேறு ஒரு நோய் இருந்தது. ஒரே புகைப்படம் 'புதியது', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்ற மூன்று கோப்புறைகளிலும் இருந்தது. எஃப்டூப்ஸ் கொண்டு இரட்டைகளைப் பட்டியலிட்டு, அனுப்பும் பட்டியலில் இருந்து மட்டும் நீக்கினேன். அங்கே அழிக்கவில்லை, அது சித்தப்பாவின் ராஜ்யம். 7 ஜிபி 4.6 ஆனது. எல்லாம் கூட்டினால் சுமார் 15 ஜிபி, ஏழு மணி நேரம். ஓர் இரவுக்குள் அடங்கும்.

சுருக்கிக்கொண்டே எஸ்எஸ்எச் குழாயில் நேராக விட்டிருக்கலாம். இடையில் கோப்பே வேண்டாம், சுருக்குவதும் அனுப்புவதும் ஒரே நேரத்தில் நடக்கும். நல்ல இணைப்பில் நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் குழாய் நடுவில் அறுந்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். எங்கள் பக்கத்து மின்சாரத்தை நம்பி ஏழு மணி நேரக் குழாய் போட முடியாது. எனவே மூட்டைகளை எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு ஆர்சிங்க் கொண்டு இழுத்தேன். --பார்ஷியல் கொடுத்தால் பாதி வந்ததைத் தூக்கி எறியாது. தோற்றால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலும்படி அதை ஒரு சுழற்சிக்குள் வைத்தேன்.

பத்து மணிக்குத் தொடங்கியதும் எந்த நிரல் கணினியை எவ்வளவு தின்கிறது என்று காட்டும் டாப் திரையை அங்கே பார்த்தால், சும்மா இருக்க வேண்டிய எஸ்எஸ்எச் ஒரு கோரில் கணிசமான பங்கைத் தின்றுகொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ என் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் கம்ப்ரஷன் என்பதை இயக்கி வைத்திருக்கிறேன். ஏற்கெனவே இறுக்கிய மூட்டையை அது மறுபடி பிழிந்து பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு சொட்டும் வராமல். அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன்.

அதிகாலை 2:10-க்கு மன்னார்குடியில் மின்சாரம் போனது. கணினிக்கு யுபிஎஸ் உண்டு, ரவுட்டருக்கு இல்லை. அதற்கும் வாங்க வேண்டும் என்று மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். யுபிஎஸ் உயிர் விடுவதற்குள் மின்சாரம் திரும்பியது. ரவுட்டர் எழுந்து, இணைப்பு பிடித்து, ஆர்சிங்க் 2017 மூட்டையின் பாதியில் இருந்து தொடர்ந்ததைக் காலையில் பதிவேட்டில்தான் படித்தேன். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். 5:50-க்கு முடிந்திருந்தது. அங்கே எடுத்த ஷா256 பட்டியலோடு (ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற எண்) இங்கே ஒப்பிட்டேன். அத்தனையும் சரி.

பிரித்தபோது வட்டி வந்தது. எட்டு மூட்டைகள் சமர்த்தாகத் திறந்தன. ஏழு மூட்டைகள் அடம் பிடித்தன. அவிழ்க்க நினைவகம் அதிகம் வேண்டும், அனுமதித்த அளவைவிடப் பார்வை பெரிது என்று பிழை. ஷா256 சரியாக இருந்தும் திறக்காதபோது வயிறு ஒரு முறை கலங்கத்தான் செய்தது. விஷயம் எளியது. சுருக்கும்போது 27-ஐத் தாண்டி எண் கொடுத்தால், விரிக்கும்போதும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், யாரோ அனுப்பிய கோப்பு நம் நினைவகத்தை விழுங்கிவிடக் கூடாது என்று இசட்எஸ்டிடி மறுத்துவிடும். இசட்எஸ்டிடி -டி --லாங்=29 என்று அடித்ததும் ஏழும் திறந்தன. இன்னும் பத்து வருடம் கழித்துத் திறக்கப்போகிறவர் நானாக இல்லாமல் போகலாம். ஆகவே ஏழையும் வரிசைப்படுத்தி 27-இலேயே மறுபடி கட்டினேன். அன்று சோம்பலில் விட்ட வேலை, இருபது நிமிடத்தில் முடிந்தது.

மீதி இருந்தது, முதல் நாள் படிக்க முடியாமல் போன மூன்று கோப்புகள். இரண்டு வெறும் முன்தோற்றங்கள். மூன்றாவது, 2013 ஆவணியில் அடித்த ஒரு காதணி விழா அழைப்பிதழ். சித்தப்பாவிடம் சொன்னேன். மாதிரி அட்டைகள் ஒட்டிய ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, அது தன்னிடம் தாளில் இருக்கிறது என்றார். முருகன் படம் போட்டது, திரும்ப அடிக்க அரை மணி நேரம்கூட ஆகாதாம். படத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அதுதான் எல்லாக் கோப்பிலும் இருக்கிறதே என்றார்.